மங்கிய குப்பிகள்

கருவியின் லாம்ப் சூடாகிவிட்டது, விசிறி ஓடுகிறது, இனி நான் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, மேடம் வரும்வரை இந்த இருட்டில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். டீன் அறையில் மீட்டிங், முடிந்ததும் நேரே டார்க் ரூமுக்கு வருகிறேன் என்று காலையில் சொன்னார்கள். நீ சொல்றத நான் கண்ணால பாக்கணும்ப்பா, பாத்துட்டுத்தான் எதுவும், அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காத. யாரிடம் திறக்க? குழல்வாய்மொழி மேடத்திடம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இசக்கியப்பன். இன்னொருவர் எனக்கு மூத்தவர், ஜெர்வின் அண்ணன். நான் மேடத்திடம் சொல்லியிருப்பதே அந்த அண்ணனைப் பற்றித்தான். கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் அவன் நடமாடுவது கேட்கிறது, செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பான், இப்போது சிங்க் பக்கம், இப்போது என் மேஜைப் பக்கம், என் மேஜையில் அவனுக்கு என்ன வேலை, நின்றுவிட்டது, ஏன் நின்றது, மழைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. மழை நாலு நாளாக விடவில்லை. சுவரெல்லாம் வியர்க்கிறது, இந்தத் திரைத்துணியில்கூட நனைந்த நாயின் வாடை. கையிலிருக்கும் சின்னப் புற ஊதா விளக்கை அழுத்திப் பார்க்கிறேன், எத்தனையாவது தடவையோ. மேஜையில் என் குப்பிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. முன்வரிசை சிவப்பு. சிவப்பென்றால் சும்மா சிவப்பில்லை, மாதுளையை உடைத்து முத்துகளை வெயிலில் பிடித்த மாதிரி, பார்த்தால் வாயில் எச்சில் ஊறுகிற சிவப்பு. பின்வரிசை மங்கல். கழுவிக் கழுவிச் சாயம் போன சட்டை மாதிரி. இரண்டு வரிசையிலும் ஒரே பொடி, ஒரே நாளில் ஒரே சட்டியில் கலக்கிப் பிரித்துப் போட்ட பொடி. அறை விளக்கில் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை, கோலமாவு மாதிரி. பின் எப்படி மங்கும்? தானாகவா மங்கும்? யாரோ கை வைக்காமலா?

யாரோ என்ன யாரோ. இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவன் நான், நான் வைக்கவில்லை. இது கணக்குக்கூட இல்லை, குழந்தைக்குத் தெரியும். பொடியில் இருப்பது யூரோப்பியம். அந்த உலோக அணுவைச் சுற்றி நாலைந்து கரிம மூலக்கூறுகளைக் கைகோத்து நிற்கவைத்துக் கட்டிய ஒரு கூட்டு, மாதக்கணக்கில் வடித்து, படிகமாக்கி, கெட்டுப்போய், மறுபடி வடித்து நான் செய்தது. அந்தக் கைகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நடுவிலிருக்கும் யூரோப்பியத்திடம் கொடுக்கும், அது வாங்கியதைச் சிவப்பாகத் திருப்பித் தரும். ஆனால் திரவத்தில் கரைத்து வைத்தால் ஒழுங்காகத் தராது. சுற்றியிருக்கிற கூட்டம் இடித்துக்கொண்டே இருக்கும், பஸ்ஸில் நின்று படிக்கிற மாதிரி, வெளிச்சமாக வரவேண்டியது இடிபாட்டிலேயே சூடாகப் போய்விடும். அதைத்தான் சிலிக்கா ஜெல்லில் ஏற்றிப் பார் என்றார்கள் மேடம். சிலிக்காவின் ஒவ்வொரு மணியிலும் கோடானுகோடி நுண்துளைகள், அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் இடிப்பதற்கு ஆள் இல்லை, அசைவதற்கு இடமில்லை, பிடித்துவைத்த மாதிரி இருக்கும், இருந்த இடத்திலிருந்து ஒளிரும். முதல் நாள் விளக்கைப் பிடித்தபோது நானே பின்னால் நகர்ந்துவிட்டேன், அவ்வளவு சிவப்பு. பக்கத்தில் நின்றவர் ஜெர்வின் அண்ணன்தான். லேய் மக்கா, இது பொடியாடே, இல்ல நீ கங்கு கிங்கு அள்ளிப் போட்டு வச்சிருக்கியா, என்று முதுகில் ஓங்கி அடித்தார். அன்றைக்கு அண்ணன் என்றுதான் மனசுக்குள்ளும் சொன்னேன், அடித்தார் என்றுதான் சொன்னேன். எப்போது அவன் ஆனான்? வாயில் இப்போதும் அண்ணேதான். உள்ளேதான் மரியாதை கழன்றுவிட்டது, எந்த நாளில் கழன்றது என்று தேடினால் அகப்படவில்லை. அந்த அடியில்கூட ஏதோ இருந்ததோ? சந்தோஷத்தில் அடிக்கிற அடிக்கும் வயிற்றெரிச்சலில் அடிக்கிற அடிக்கும் முதுகுக்கு வித்தியாசம் தெரியுமா? அவன் செய்வது டெர்பியம், பச்சையாக ஒளிரவேண்டும், ஒளிரவே இல்லை, இரண்டு வருஷமாக ஊமைப் பொடி. இந்த மாதத்தோடு அவனுக்கு ஆராய்ச்சிக் காலம் முடிகிறது, இன்னும் ஆறு மாதம் நீட்டித்துக் கொடுங்கள் என்று மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் உள்ளே இருக்கலாம், இல்லையென்றால் அத்தனை வருஷமும் தண்ணீரோடு போச்சு, பெட்டியைக் கட்டிக்கொண்டு குளச்சலுக்குப் போகவேண்டியதுதான். அப்படி நெருக்கடியில் இருக்கிறவன் கண்ணுக்கு முன்னால் என் பொடி சிவப்பாக எரிகிறது. யோசித்துப் பார். ம்.

ம் என்று சொன்னது யார்? நான்தான். ஊரில் தாத்தா கதை சொல்லும்போது ம் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், ம் நின்றால் கதையும் நிற்கும், என்னல, ஒறங்கிட்டியா என்பார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது கதை சொல்கிறதும் நான், ம் கொட்டுகிறதும் நான், அதனால் கதை நிற்கவே மாட்டேன் என்கிறது. ராத்திரி படுத்தால் ஓடுகிறது, பல் தேய்க்கும்போது ஓடுகிறது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன் பார், ம், ஜன்னல் பக்கம் ஜெர்வின் நிற்கிறான், ம், டெசிகேட்டர் திறந்து கிடக்கிறது, ம், கையில் என் குப்பி. டெசிகேட்டர் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான தடித்த கண்ணாடிப் பானை, அடியில் நீல மணிகள் கிடக்கும், மேலே தட்டில் பொடிகளை வைத்து கிரீஸ் தடவிய மூடியால் மூடிவைப்போம். அது இருப்பது அவன் மேஜையில். என்னண்ணே பாக்கீங்க என்றேன். சும்மாதான்டே, வெளிச்சத்துல வெள்ளையாட்டு இருக்கு, இருட்டுல ரத்தமாட்டு இருக்கு, எப்படிடே உனக்கு மட்டும் இப்படி வாய்க்கி, என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். உனக்கு மட்டும் என்றான். மட்டும். பிறகு, நுனிக்கரண்டி அளவு தாயேன் மக்கா, என் டெர்பியத்துக்குப் பக்கத்துல வச்சி அளந்து பாக்கலாம், என்றான். மேடத்திட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தாரேண்ணே என்றேன். அதற்கும் சிரித்தான், நீ மேடத்திட்ட கேட்டுத்தான் மூச்சே விடுவியாடே, என்றான். அதற்கப்புறம் அவன் கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் குடைகிறது. வேண்டும் என்று கேட்டவன், கிடைக்கவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்பானா மாட்டானா? கேட்காமலிருக்கிறான் என்றால், கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது என்றுதானே அர்த்தம். கிடைத்துவிட்டது என்றுதானே அர்த்தம். அன்று சாயங்காலமே குப்பிகளை எல்லாம் டெசிகேட்டரிலிருந்து எடுத்தேன். சிங்க்குக்குக் கீழே எனக்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு, அதில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அண்ணன் பார்த்தான். என்னடே, பொன்னா வச்சிருக்க, என்றான். இடம் பத்தலண்ணே, அதான், என்றேன். பத்து நாள் கழித்துத் திறந்து விளக்கைப் பிடித்தேன், மங்கியிருந்தது.

அப்போதே மேடத்திடம் ஓடியிருந்தால் அவசரக்காரன் ஆகியிருப்பேன், நான் அவசரப்படவில்லை. பூட்டு சின்னப் பூட்டு, எந்தச் சாவிக்கும் திறக்கும், அதனால் பொறி வைத்தேன். புதிதாக ஒரு சட்டிப் பொடி செய்தேன், குப்பிகளில் பிரித்தேன், எல்லாம் நல்ல சிவப்பு. அதில் பாதிக் குப்பிகளை மட்டும் பாராஃபிலிம் சுற்றி அடைத்தேன், ரப்பர் மாதிரி இழுத்து ஒட்டுகிற மெழுகுத்தாள் அது, மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல் மூன்று சுற்று, அதன்மேல் குறுக்காக என் கையெழுத்து. திறந்தால் கையெழுத்து கிழியும், மறுபடி ஒட்டமுடியாது. மீதிப் பாதியை எப்போதும்போல வெறும் மூடி போட்டு அதே பெட்டியில் வைத்தேன், கைவைக்கிறவன் வைக்கட்டும் என்று. மழை வலுத்த வாரம் அது. நேற்று எடுத்துப் பார்த்தால் கையெழுத்துப் போட்டவை அத்தனையும் சிவப்பு, போடாதவை அத்தனையும் மங்கல். ஒன்றுகூட மாறவில்லை. எனக்கு ஒருவகைச் சந்தோஷம், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நினைத்தது சரியாக வந்துவிட்டால் மனசு எப்படித் துள்ளுகிறது, நினைத்தது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, அளவு குறையாமல் இருக்க வெறும் சிலிக்காவைப் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறான், பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. காலையில் மேடத்தின் அறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பேர் சொல்லவில்லை. யாரோ மேடம், என்றேன். யாரோன்னா யாருப்பா, இங்க பேயா நடமாடுது, என்றார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தரையைப் பார்ப்பதும் ஒரு பேரைச் சொல்வதுதான், அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் பார்த்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்கள். ஜெர்வினா, என்றார்கள். நான் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் வாய்தான் நீளம், கை நீளம்னு நான் நெனக்கலயேப்பா, என்றார்கள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இது நெஜம்னா நான் அவனுக்கு ஆறு மாசம் நீட்டிச்சுத் தரமாட்டேன், இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியது, நிறுத்தி வைக்கேன், ஆனா நெஜமாங்கறத நீ எனக்குக் காட்டணும். காட்டுகிறேன் மேடம், என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவர்களுக்குக் கேட்டது.

காட்டுவதற்கு வழி இருக்கிறது, நான் அதை யோசித்து வைத்திருக்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கருவி. மங்கல் என்று கண்ணால் பார்ப்பது சாட்சி ஆகாது. ஆனால் இந்தப் பொடிமேல் ஒரு மின்னல் அளவுக்கு ஒளியை அடித்து நிறுத்திவிட்டால், சிவப்பு உடனே அணையாது. கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டுத்தான் ஓயும், கண் இமைக்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது அந்த நேரம், ஆனால் கருவி அதை அளக்கும். அதற்குப் பெயர் ஒளிர்வு ஆயுள். வெறும் சிலிக்காவைக் கலந்தவன் ஆட்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கமுடியும், மிச்சமிருக்கும் ஒவ்வொன்றின் ஆயுளையும் குறைக்கமுடியாது. பஜனையில் பத்துப் பேர் பாடுகிறார்கள், நாலு பேரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டால் சத்தம் குறையும், ஆனால் மீதி ஆறு பேரும் பாட்டைக் கடைசிவரைக்கும்தான் பாடுவார்கள். சிவப்புக் குப்பியும் மங்கல் குப்பியும் ஒரே ஆயுள் காட்டினால் முடிந்தது, ஆள் குறைந்திருக்கிறது, திருட்டு. மேடம் வருவதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சிவப்பை முதலில் அளந்தேன், திரையில் கோடு உச்சியிலிருந்து மெதுவாக, சாவகாசமாக இறங்கியது, அழகான சரிவு. மங்கல் குப்பியை வைத்தேன். வெளிச்சம் குறைவு என்பதால் கருவி திரும்பத் திரும்ப அடித்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, புள்ளி புள்ளியாக வருகிறது, மழையில் வாசல் மண் புள்ளி புள்ளியாக நனைகிற மாதிரி. திரைக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. லேய் இசக்கி, உள்ளயே அடைகாக்கியாடே, வா சாயா குடிக்கலாம், மழைக்கு நல்லாருக்கும். அளந்துகிட்டிருக்கேண்ணே. என்னத்த அளக்க? சும்மா, பழசுதான். சும்மா அளக்கதுக்கா வெளிய சிவப்பு பல்பு போட்டு வச்சிருக்க, பிரசவ வார்டு மாதிரி, சரி சரி, வாங்கிட்டு வாரேன், ஒனக்குச் சீனி கூடவா கொறச்சா? கொறச்சண்ணே. சத்தம் தூரமாகப் போகிறது. என்னத்த அளக்க என்று ஏன் கேட்டான்? எப்போதும் கேட்பானா? எப்போதும் கேட்பான்தான். ஆனால் இன்றைக்குக் கேட்டதில் ஒரு நிறுத்தல் இருந்தது, என்னத்த என்பதற்கும் அளக்க என்பதற்கும் நடுவில். தெரிந்துவிட்டதா? தெரிந்தவன் டீ வாங்கப் போவானா? போவான், தெரிந்தவன்தான் போவான், ஒன்றும் தெரியாத மாதிரி காட்டிக்கொள்ள. ம். திரையைப் பார்க்கிறேன். கோடு சரியாக வரவில்லை.

கோடு விழுகிறது. இறங்கவில்லை, விழுகிறது, சிவப்புக் குப்பியின் சரிவில் பாதிகூட வராமல் தரையைத் தொட்டுவிட்டது. கருவியில் ஏதோ கோளாறு. இன்னொரு மங்கல் குப்பி. அதுவும் விழுகிறது. மறுபடி சிவப்பை வைத்தேன், சாவகாசமாக இறங்குகிறது, கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஆள் குறையவில்லை. எல்லாரும் இருக்கிறார்கள், இருந்துகொண்டே பாதிப் பாட்டில் தொண்டை கட்டி நிறுத்துகிறார்கள். வெறும் சிலிக்காவைக் கலந்தால் இப்படி வராது. சரி, அப்படியானால் அவன் வேறு எதையோ கலந்திருக்கிறான், அவன் புத்திசாலி, ஒளிர்வைக் கொல்லுகிற தாமிர உப்பு ஒரு சிட்டிகை போட்டிருப்பான், ஆயுள் குறைந்துபோகும், யாரும் கண்டுபிடிக்கமுடியாது, ஆமாம், தாமிரம்தான், நான் ஏன் இதை முன்பே நினைக்கவில்லை, திருட்டுக்கூட இல்லை, வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான், மேடத்திடம் இதையும் சொல்லவேண்டும், சொல்லலாமா, தாமிரம் என்றால் லேசாக நீலம் தட்டுமே, தட்டவில்லையே, அவ்வளவு கொஞ்சமாகப் போட்டிருப்பான். மேஜையில் இடமில்லாமல் முதலில் அளந்த மங்கல் குப்பியை லாம்ப் பெட்டியின் மேல், சூடான காற்று வெளியே வருகிற கம்பிவலையில் வைத்திருந்தேன், மூடியைச் சரியாகத் திருகக்கூட இல்லை. அதை எடுத்தேன், கை சுட்டது. குப்பியின் கழுத்துக்கு உள்பக்கம் ஆவி பூத்திருந்தது. குளித்துவிட்டு வந்தால் கண்ணாடியில் பூக்குமே, அப்படி. பொடி காய்ந்த பொடிதானே, இதில் ஏது ஆவி. விளக்கை அழுத்தினேன். அடியில், சூடு பட்ட பக்கம் மட்டும், மாதுளைச் சிவப்பு. மேலே மங்கல். ஒரே குப்பிக்குள். ஜெர்வின் இங்கே வரவில்லை. யாரும் வரவில்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

செருப்பு வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் கிடக்குமே, தின்னாதே என்று எழுதி, அதற்குள் இருப்பதும் இதே சிலிக்கா ஜெல்தான், ஈரத்தைக் குடிப்பதற்கென்றே போட்டு வைப்பது. டெசிகேட்டரில் அடியில் கிடக்கிற நீல மணியும் அதுதான். ஊரில் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கேட்டால் சொல்லும். எனக்கு மட்டும் சிலிக்கா என்றால் துளை, துளை என்றால் கூடு, கூடு என்றால் பாதுகாப்பு. அது கூடாக இருக்கிற அதே துளையால்தான் தண்ணீரையும் குடிக்கும், குடித்த தண்ணீர் நேரே உள்ளே போய் யூரோப்பியத்தின் மடியில் உட்காரும், உட்கார்ந்து அது ஆடுகிற ஆட்டத்தில் சிவப்பெல்லாம் சூடாகப் போகும். டெசிகேட்டரில் உலர்ந்துபோய்ச் சமர்த்தாக இருந்ததை எடுத்து, சிங்க்குக்குக் கீழே, மழை மாதத்தில், ஊறிப்போன மரப்பெட்டியில் பூட்டி வைத்தது யார்? பாதிக் குப்பிகளை மெழுகுத்தாள் சுற்றி ஈரம் புகாமல் காப்பாற்றியது யார்? நான் கையெழுத்துப் போட்டதால் திருடன் தொடவில்லை என்று நினைத்தேன், தண்ணீர்தான் தொடவில்லை, தண்ணீருக்குக் கையெழுத்து தெரியாது, இடைவெளிதான் தெரியும். சரி. சரி, அதனால் என்ன, ஜெர்வின் எடுக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? ஈரமும் புகுந்திருக்கலாம், அவனும் எடுத்திருக்கலாம். இரண்டும் நடக்கலாமே. ஜன்னலில் நின்றானே, மட்டும் என்றானே. என் மனசு விடமாட்டேன் என்கிறது, கையில் பிடித்த மீனைத் தண்ணீரில் விடச் சொன்ன மாதிரி. மேடத்திடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? அளவு தெளிவாக வரவில்லை மேடம், இன்னொரு நாள் பார்க்கலாம், என்றால்? அதற்குள் இன்றைக்குப் போகவேண்டிய கையெழுத்து போகாது. போகாவிட்டால் என்ன, நான் பேர் சொல்லவில்லையே, அவர்கள்தானே சொன்னார்கள். தரையைத்தானே பார்த்தேன். 

திரை விலகியது. டீ வாசனை முதலில் வந்தது, பின்னால் ஜெர்வின், தலையெல்லாம் சொட்டச் சொட்ட. பிடிடே, மழையில கோப்பைய கையால மூடிக்கிட்டு ஓடி வந்திருக்கேன், என் கைரேகையும் சேத்துக் குடி. வாங்கிக்கொண்டேன். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கூத்து கேட்டியா, என்றான், டீக்கடையில நிக்கேன், மேடம் போன் போட்டாங்க, டீன் ரூம்லேர்ந்தே, கொரல தாழ்த்தி. இசக்கியோட சாம்பிள்ல நீ கை வச்சியா ஜெர்வின், உண்மையச் சொல்லுன்னாங்க. கோப்பை சுட்டது, நான் விடவில்லை. நீங்க என்னண்ணே சொன்னீங்க? என்னத்தச் சொல்ல, நீ எதையோ கவுத்திக் கொட்டிப் போட்டு மேடத்துக்கு முன்னால முழிச்சிருப்பன்னு நெனச்சேன், நாளைக்கு வேற ஒனக்கு செமினாரு, நீ பயந்த பய, ஒரு ஏச்சு வாங்கினா ஒரு வாரம் சோறு திங்கமாட்ட. எனக்கு ஏச்சு என்ன புதுசாடே? ஆமா மேடம், நாந்தான், மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டேன். ஒரு பேச்சும் பேசல, போன வச்சிட்டாங்க. ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? சொன்னா என்னடே இப்ப, ரெண்டு திட்டு விழும், தொடச்சிட்டுப் போயிருவேன், நீ செமினார்ல ஒழுங்காட்டு பேசு, அது போதும். சிரித்தான். இருட்டில் பல் மட்டும் தெரிந்தது. அந்த ஒரு நொடியில்கூட என் மனசு கேட்டது, எதற்காகச் சொன்னான், இதில் அவனுக்கு என்ன, உண்மையிலேயே எடுத்ததை இப்படிச் சொல்லி மூடுகிறானோ. கேட்டது. யாரும் ம் கொட்டவில்லை. வராண்டாவில் குடையை உதறும் சத்தம். மேடம் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள், ஜெர்வின் இருப்பதைப் பார்த்து நின்றார்கள். நீ வெளிய போப்பா, என்றார்கள், அவன் முகத்தைப் பார்க்காமல். ஜெர்வின் எழுந்தான். இருங்கண்ணே, என்றேன். இசக்கி, அவனே ஒத்துக்கிட்டான், இனி நீ எனக்கு ஒண்ணும் காட்டவேண்டாம், நான் அந்த பேப்பர கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பிட்டுத்தான் வாரேன், என்றார்கள் மேடம். எந்த பேப்பர மேடம், என்றான் ஜெர்வின். நான் சொல்லத் தொடங்கினேன், ஈரம் மேடம், என்றேன், யாரும் எடுக்கல, நான்தான் டெசிகேட்டர்லேர்ந்து எடுத்து ஈரத்துல பூட்டி வச்சேன், ஆயுள் பாதியாயிருக்கு, கலப்படம்னா ஆயுள் கொறையாது, தண்ணிதான், ஜெர்வின் அண்ணன் ஒண்ணும் செய்யல, எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க. மழை கூரையில் கொட்டியது. என்னப்பா சொல்ற, கேக்கல, சத்தமாச் சொல்லு, என்றார்கள் மேடம். சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்தும் நிறுத்தமுடியவில்லை, காலைல நீங்க கேட்டப்ப அண்ணன் பேருக்கு நான் இல்லன்னு சொல்லல மேடம், என்று அதையும் சத்தமாகவே சொன்னேன். மேடம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்கள். பேப்பர திரும்ப வாங்கமுடியுமான்னு பாக்கேன், என்று சொல்லிவிட்டு, குடையை எடுக்காமல் வராண்டாவில் வேகமாகப் போனார்கள். ஜெர்வின் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு சுவரில் ஸ்விட்சைத் தேடிக் கையைக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்தினார். அளவு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் விழுந்தால் உள்ளே ஒளியை வாங்கும் டிடெக்டர் கெட்டுப்போகும். திரும்பி வந்தார், குனிந்து, என் குப்பியைக் கருவிக்குள்ளிருந்து எடுத்து மேஜையில் வைத்தார், கருவியின் மூடியைச் சத்தம் வராமல் மூடினார். அதற்குப் பிறகு லைட்டைப் போட்டு, என் முகத்தைப் பார்த்தார்.